நாசில் கேட்டோம், காலண்டர் வந்தது

பார்சல் நீளமாக இருந்தது. அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நாசில் விரல் நீளந்தானே ஐயா இருக்கும்?" என்று கேட்டேன்.

"மெட்ராஸ்காரன் பத்திரமா கட்டியிருப்பாம்மா. சாமான் உடையக் கூடாதில்ல" என்றார் வெங்கடப்பா.

வெங்கடப்பா என் முதலாளி. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஆயில் எஞ்சின் கடை வைத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின்களை மெட்ராஸ் கம்பெனி ஒன்றிடமிருந்து வரவழைத்து விற்பார். நான் அங்கே டைப்பிஸ்ட். எங்கள் இருவருக்கும் நடுவே, மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றவர் பேரிகை கிராமத்து மல்லம்மா. நாசில் அவருடைய எஞ்சினுக்குத்தான். எஞ்சினுக்குள் எண்ணெயைச் சாரலாகப் பீய்ச்சுகிற சின்ன உறுப்பு அது. அது அடைத்துக்கொண்டால் எஞ்சின் வெறும் இரும்பு.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். மல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் டைப்பம்மா, உள்ள இருக்கறது கீறிடப் போவுது."

சணல் முடிச்சைப் பல்லால் கடித்து அவரே அவிழ்த்தார். மேலே சுற்றியிருந்த பழுப்புத் தாளை மடிப்புக் கலையாமல் பிரித்தார். உள்ளே இன்னொரு தாள். அதற்குள் ஒரு கட்டுக் காலண்டர்.

எல்லாக் காலண்டரிலும் ஒரே படம். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், இடுப்பில் குடத்தோடு, எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாள். வருஷம் பிறந்து மாசி மாதமே வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

மல்லம்மா ஒரு காலண்டரை எடுத்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுருளின் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். நாசிலை உள்ளே வைத்து அனுப்பியிருப்பார்களோ என்று நினைத்திருக்கிறார். அடுத்த சுருளையும் பார்த்தார். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு ஐயாவிடம் திரும்பினார்.

"ஏமண்ணா இது? இதச் சுருட்டி எஞ்சின் வாயில சொருகினா தண்ணி ஏறுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். வந்த சிரிப்பு அடங்கிவிட்டது.

எண்ணெய் குடிக்கிற மாடு

மல்லம்மாவின் நிலைமையைச் சொன்னால்தான் அந்தக் கேள்வியின் கனம் உங்களுக்குத் தெரியும்.

பேரிகையில் அவர்களுக்கு ஒரு கிணறும், கிணற்றைச் சுற்றிக் கொஞ்சம் நிலமும் உண்டு. அந்த ஊரில் அப்போது எல்லோரும் மாடு கட்டி, தோல் சாலில் தண்ணீர் மொள்ளுகிற கவலைதான் இறைத்தார்கள். மல்லம்மா ஓசூர்ப் பக்கம் யார் தோட்டத்திலோ எஞ்சின் ஓடுவதைப் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு எஞ்சின் பைத்தியம். வீட்டுக்காரர் வாய் திறக்காத மனிதர். திறந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. மல்லம்மா இறவை மாட்டு ஜோடியைக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டு, நேராக எங்கள் கடை வாசலில் வந்து இறங்கினார்.

ஊரில் முதல் எஞ்சின் அதுதான். பக்கத்துத் தோட்டம் கொழுந்தனுடையது. "எங்க அண்ணி எண்ணெய் குடிக்கிற மாடு வாங்கிட்டாங்க" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாராம். மல்லம்மா சட்டை செய்யவில்லை. கிணற்றைச் சுற்றி முழுக்கக் கோசு நட்டார். முட்டைக்கோசு திரண்டு உருளுகிற சமயத்தில் எஞ்சின் கருப்புப் புகை கக்கிவிட்டு நின்றது.

எங்கள் மெக்கானிக் போய் நாசிலைக் கழற்றி, கழுவி, ஊதி, தேய்த்துப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். புதிதுதான் போட வேண்டும். கடையில் விற்பனைக்கு நின்ற எஞ்சின் வேறு அளவு, அதன் நாசில் இதற்குச் சேராது. கம்பெனி எஞ்சின்களை அனுப்பியதே தவிர உதிரி சாமான் எதையும் அனுப்பவில்லை.

கொழுந்தன் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணி, மாடு இன்னிக்காவது தீனி எடுத்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேலி பேசினாலும் பாவம், நல்ல மனிதர். தன் தோட்டத்துக்கு இறைத்து முடித்த பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில் மாட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். களைத்த மாடு எவ்வளவு இறைக்கும்? கிழக்குப் பாத்திகளுக்கே அந்தத் தண்ணீர் போதவில்லை.

எஞ்சின் ஓட வேண்டும். இல்லையென்றால் கோசும் இல்லை, விற்ற மாடும் திரும்ப வராது. அவ்வளவுதான் மல்லம்மாவின் கணக்கு.

ஐயாவின் இங்கிலீஷ்

போன வாரம் நான் இங்கே எழுதிய டைப் இன்ஸ்டிட்யூட் கதையைப் படித்துவிட்டு, "உங்களை, ஒரு மத்தூர்ப் பெண்ணை, அந்தக் காலத்தில் வேலைக்கு எப்படி அனுப்பினார்கள்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். சுலபமாக அனுப்பிவிடவில்லை. கிருஷ்ணகிரியில் சித்தி வீட்டில் தங்க வேண்டும், என் மேசை தெருவைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று அப்பா இரண்டு நிபந்தனை போட்டார். இரண்டாவது எதற்கென்றால், தெருவில் போகிற யார் பார்த்தாலும் பெண் தட்டிக்கொண்டிருக்கிறாள், வேறொன்றும் செய்யவில்லை என்று தெரிய வேண்டுமாம். அதனால் நான் சும்மா இருக்கும்போதும் எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன்.

ஐயாவுக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். இங்கிலீஷ் கடிதத்துக்கு மட்டும். அதற்கென்று தனியாக ஒரு முகமே வைத்திருந்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, கையைப் பின்னால் கட்டி, உத்தரத்தைப் பார்த்தபடி நடப்பார். குருடாயில் வாசனைக்கு நடுவே, உத்தரத்திலிருந்து இங்கிலீஷ் இறங்கி வரும்.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் இங்கிலீஷில் ஒரு குறை சொல்ல முடியாது. நீளமான வாக்கியங்கள், கனமான வார்த்தைகள், எல்லாம் சுத்தம். கடிதம் எங்கே போகிறது என்பதுதான் கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது.

நாசிலுக்காக எழுதிய முதல் கடிதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தாங்கள் புது வருஷத்துக்கு அன்போடு அனுப்பிய ஒரு காலண்டர் வந்து சேர்ந்தது, அது எங்கள் சுவரை அலங்கரிக்கிறது, வருவோர் போவோர் எல்லாம் அதை வியந்து பார்க்கிறார்கள் என்பது முதல் பத்தி. தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் ஆண்டவன் ஆரோக்கியத்தைத் தரட்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது பத்தி முழுக்க மாம்பூ. ஐயாவுக்கு ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு மாந்தோப்பு. பூ எப்படி வந்திருக்கிறது, பனி அதை என்ன செய்யும், போன வருஷம் எப்படி என்று விஸ்தாரமாகப் போகும். இதெல்லாம் முடிந்து, கடைசியில், கையெழுத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு நாசில் அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன் என்று ஒரு வரி.

"ஐயா, மேல சப்ஜெக்ட்னு ஒரு வரி போடுவாங்களே, அதுலயாவது நாசில்னு போடட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். இன்ஸ்டிட்யூட்டில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"அது சர்க்கார் ஆபீஸ் வேலைம்மா. நாம என்ன சம்மனா அனுப்பறோம்?"

இப்போது என் மருமகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க இங்கிலீஷில் இமெயில்தான். போன மாதம் கம்பெனியில் அதற்கென்று வகுப்பே வைத்தார்களாம். மேலே சப்ஜெக்ட் தெளிவாக இருக்க வேண்டும், முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும், ஒரு பத்திக்கு ஒரு சங்கதி, என்ன வேண்டும் என்பதை நேராகக் கேட்க வேண்டும். ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் என்னிடம் வந்து சொன்னாள். நாங்கள் அதைக் கோசுத் தோட்டத்தில் படித்தோம் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. அவளுக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

செருப்பை மாட்டிய பிறகு

ஐயாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துப் பேச்சே அப்படித்தான்.

ஒரு வீட்டுக்குக் காரியமாகப் போனால், போனதும் காரியத்தைச் சொல்லிவிடக் கூடாது. உட்கார வேண்டும். மோரோ காப்பியோ குடிக்க வேண்டும். மழை, மாடு, பிள்ளைகள் படிப்பு, யாருக்கு எங்கே வலிக்கிறது எல்லாம் கேட்க வேண்டும். "சரி, வரட்டுமா" என்று எழுந்து, வாசலுக்கு வந்து, ஒரு காலைச் செருப்பில் நுழைத்த பிறகு, "ஆங், அப்புறம்..." என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த "ஆங்"குக்குப் பிறகு வருவதுதான் விஷயம். அதற்கு முன்னால் சொன்னால் ஆளுக்கு மரியாதை தெரியவில்லை என்பார்கள்.

நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது மத்தூரில் ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா மோர் கொடுத்தாள். அப்பாவோடு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிச் சொன்னார், பல்வலிக்கு மருந்து சொன்னார். கிளம்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆங், அப்புறம், உங்க எருமை கயித்த அறுத்துக்கினு எங்க கேவுரு வயல்ல மேயுது" என்றார். அப்பா துண்டை உதறிக்கொண்டு ஓடினார். எருமை அதற்குள் மேய்ந்து முடித்துவிட்டுப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பெரியவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. முறையாக வந்து முறையாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி அவருக்கு.

ஐயாவின் இங்கிலீஷ் கடிதம் அந்தப் பெரியவர்தான். மெட்ராஸ் வரைக்கும் போய், உட்கார்ந்து, மோர் குடித்து, நலம் விசாரித்துவிட்டுச் செருப்பு மாட்டும்போது நாசில் கேட்டது. அதற்குள் மெட்ராஸ்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முதல் பத்தியில் இருப்பது

காலண்டர் வந்த அன்றைக்கே அடுத்த கடிதத்துக்கு உட்கார்ந்தோம். மல்லம்மா நகரவில்லை. லெட்டர் தபாலில் விழுகிறதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்று எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"தந்தி கொடுத்துடலாமே" என்றேன்.

"அய்யோ சிவனே, தந்தியா?" மல்லம்மா பதறினார். "அங்க ஆபீஸ்ல பொம்பளைங்க இருந்தா என்ன ஆவறது? யாரு போயிட்டாங்களோன்னு வயித்துல அடிச்சிக்குவாங்க. வேணாம்மா, பாவம்."

ஐயாவும் தலையை ஆட்டினார். அவர் உத்தரத்தைப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்தார். தாங்கள் மறுபடியும் அன்போடு அனுப்பிய காலண்டர்கள் வந்து சேர்ந்தன என்று இங்கிலீஷ் இறங்கியது.

நான் கையை மெஷினிலிருந்து எடுத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் கிறீச்சென்று போகும். அப்படித்தான் போனது.

"ஐயா, இப்படியே எழுதினா இன்னொரு கட்டுக் காலண்டர் வரும்!"

"ஏம்மா?"

"போன லெட்டர் முதல் பத்தில என்ன எழுதினோம்? காலண்டர் நல்லா இருக்கு, எல்லாரும் ஆசையாப் பாக்கறாங்கன்னு. அவங்க அத மட்டும் படிச்சிட்டு, பாவம் ஆசப்படறாங்களேன்னு அனுப்பிட்டாங்க. முதல் பத்தில என்ன இருக்குதோ அதுதான் பார்சல்ல வருது. நாசில மேல வெப்போம் ஐயா."

ஐயா நின்றுவிட்டார். அடி வாங்கினாற்போல் ஒரு முகம்.

"வந்ததும் வராததுமா, எனக்கு இதக் கொடுன்னு கேக்கறதா? என்ன நெனைப்பாங்க? வெங்கடப்பா ஆளு எப்படின்னு நெனைப்பாங்க?"

நான் ஆதரவுக்கு மல்லம்மாவைப் பார்த்தேன். காய்வது அவருடைய தோட்டம். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அண்ணா சொல்றது மெய்தானே டைப்பம்மா. எடுத்த எடுப்புல கேட்டா நல்லாவா இருக்கும்?"

எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் மரியாதையாகக் கோசைச் சாகடித்துவிடுவார்கள் போலிருந்தது.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. "சரி ஐயா. நீங்க சொல்ற எதையும் நான் எடுக்கல. மாம்பூ இருக்கட்டும், ஆரோக்கியம் இருக்கட்டும், காலண்டருக்கு நன்றி இருக்கட்டும். ஒரு வார்த்த கொறையாது. கீழ இருக்கறத மேல போடறன், மேல இருக்கறத கீழ போடறன். அவ்வளவுதான்."

அவர் வெகு நேரம் தாடையைத் தேய்த்தார். மல்லம்மா அவரைப் பார்த்தார், பிறகு வெளியே வெயிலைப் பார்த்தார். சுவரில் பட்டுப்புடவைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தலகீழா நடக்கற மாதிரி இருக்குதேம்மா" என்றார் ஐயா. அதுதான் அவருடைய சம்மதம்.

எஞ்சின் எண், மாடல், ஒரு நாசில் உடனே வேண்டும், தோட்டம் காய்கிறது என்று முதல் பத்தியை அடித்தேன். எடுத்தவுடன் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே போடச் சொன்னார். அதை அந்தப் பத்தியின் கடைசி வரிக்குத் தள்ளினேன். மாம்பூ கீழே போய்ச் சேர்ந்தது. பேனாவை எடுத்தவர் இரண்டு முறை கீழே வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். மல்லம்மா தபால் பெட்டி வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். கவர் உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும், பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

சின்னப் பார்சல்

இந்த முறை பார்சல் சின்னது. திருப்பத்தூர் ரயிலடியிலிருந்து பஸ் கண்டக்டர் சட்டைப் பையில் வைத்தே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றி நாசில். கூடவே கம்பெனி மேனேஜர் கடிதம், டைப் அடித்து இரண்டே வரி. அதற்குக் கீழே, பேனாவால் அவரே ஒரு வரி சேர்த்திருந்தார். உங்கள் மாம்பூ இப்போது எப்படி இருக்கிறது?

ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, பாத்தியா! கீழ வரைக்கும் படிச்சிருக்காரு!" என்று மெக்கானிக்கிடம் காட்டினார், காப்பி கொண்டுவந்தவரிடம் காட்டினார். மெக்கானிக் நாசிலோடு அடுத்த பஸ்ஸில் பேரிகைக்குப் போனார். எஞ்சின் ஓடியது என்று திரும்பி வந்து சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் மல்லம்மா வந்தார். தலையில் கூடை, கூடை நிறையக் கோசு. ஐயா வீட்டுக்கு, மெக்கானிக் வீட்டுக்கு, என் சித்தி வீட்டுக்கு என்று பிரித்து வைத்தார். கல் மாதிரி இறுகின கோசு, தொட்டால் கிறீச்சென்றது.

பிறகு உட்கார்ந்தார். ஐயா வீட்டம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். கன்றுக்குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் தங்கை பரீட்சையைக் கேட்டார். எஞ்சினைப் பற்றி ஒரே புகழ்ச்சி. "கொழுந்தன் மாட்டுக்கு இப்ப நாந்தான் தண்ணி காட்டறன் அண்ணா!" ஐயாவும் சிரித்தார். மனிதர்கள் பேசினால் இப்படிப் பேச வேண்டும் என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

காப்பியைக் குடித்துவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மல்லம்மா வாசலுக்குப் போனார். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார். நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன்.

"ஆங், அண்ணா..."

"சொல்லும்மா."

"மேக்காலப் பாதி கோசு காஞ்சிப் போச்சி. தண்ணி விட்டும் பாத்தன், எழுந்துக்கல. அந்தக் காலண்டர் வந்துச்சே, அந்த வாரம்."

குரலில் கோபம் இல்லை. மழை வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார். "வரன் அண்ணா. வரன் டைப்பம்மா" என்று இன்னொரு காலையும் செருப்பில் நுழைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐயா அந்த இடத்திலேயே நின்றார். அந்த "ஆங்" எங்கே குத்தும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. மேசைமேல் இருந்த கோசைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேப்பர் மாட்டும்மா" என்றார்.

உத்தரத்தைப் பார்க்கவில்லை, நடக்கவில்லை. நின்றபடியே சொன்னார். இதே மாடலுக்கு நாலு நாசில் அனுப்ப வேண்டும், கடையில் இருப்பு வைக்க. இனி எந்தத் தோட்டமும் காத்திருக்கக் கூடாது. அவ்வளவோடு நிறுத்திவிட்டார்.

நான் காத்திருந்தேன். "அப்புறம் ஐயா? மாம்பூ எப்படின்னு மேனேஜர் கேட்டிருக்காரே."

"மாம்பூ வேணாம்மா. அவ்வளவுதான்."

பின்பக்கம் எஞ்சின்கள் இருக்கிற இடத்துக்குப் போய்விட்டார்.

மெஷினில் அந்தக் கடிதம் இருந்தது. மூன்று வரி, அதற்குக் கீழே வெள்ளைத் தாள். நான் சண்டை போட்டுக் கேட்ட கடிதம் அதுதான். எவ்வளவு தெளிவு! எனக்கு அழுகையாக வந்தது. அந்தத் தாளை அப்படியே உருவி எடுக்க மனம் வரவில்லை.

கொஞ்சம் இடம் விட்டு, கீழே நானே அடித்தேன். மாம்பூ எல்லாம் பிஞ்சாகிவிட்டது. தாங்களும் குடும்பத்தாரும் நலம்தானே?

ஐயா திரும்பி வந்தார். தாளைக் கையில் எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காய்கிற வரைக்கும் அதை ஊதிக்கொண்டே நின்றார்.